மயில் தலையில் இருந்த கை

எங்க சசியோட கையை அழிச்சதுக்கு அடுத்த திங்கக்கிழமை காலையில, ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக எல்லாம் சேர்ந்து செஞ்ச மயில் படத்துல, மத்த பிள்ளைகளோட கையெல்லாம் விரலை மடக்கிக்கிச்சு. இதைச் சொன்னா எல்லாரும் கை மடங்குனதைத்தான் கேக்கறாங்க. பெயிண்டுல வெச்ச கை எப்படிங்க மடங்கும், துணி சுருங்கிருச்சா, ஈரம் பட்டுச்சா, எலி கிலி கடிச்சிருச்சான்னு. ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, அந்தப் பிள்ளை கையை எதுக்குங்க அழிச்சாங்கன்னு கேட்டிருப்பாங்களா? கேக்கல. அதனால நான் அழிச்சதுல இருந்துதான் சொல்லுவேன், மடங்குனது அதுக்கப்புறம் வரட்டும்.

பள்ளிக்கூடத்துப் பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா அதுவும் அவங்களுக்கு ஓசி விளம்பரமாப் போயிரும். திருப்பூருக்குள்ளதான் இருக்குது. பெரிய கேட்டு, கேட்டுக்கு மேல ரெண்டு சிங்கம், சிங்கத்து வாய்க்குள்ள கலர் லைட்டு. எங்க சசி அங்க கவர்மெண்டு இலவச சீட்டுல சேந்தவ. சஷ்மிதான்னு அவங்கப்பா போன்ல தேடிப் புடிச்சு வெச்ச பேரு, எங்க வீதியில ஒருத்தரு வாய்க்குள்ளயும் நுழையல, அதனால சசி. அவங்கப்பா ரங்கன் சாயப்பட்டறையில வேலை செய்யறாரு. நான் நாகமணி, அப்ப ஒரு பனியன் கம்பெனியில பாத்ரூம் கழுவிக்கிட்டிருந்தேன். எந்த வீதின்னு கேட்டுட்டு, பதிலைச் சொன்னதும் ஒரு எட்டு தள்ளி நிக்கறவங்க இந்த ஊர்ல நெம்பப் பேரு இருக்காங்க. அதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்ல, உங்களுக்கே தெரியும்.

அந்தப் பள்ளிக்கூடத்துல வருசா வருசம் ஆண்டுவிழாவுல ஏலம் விடுவாங்க. கோயில்ல அம்மனுக்குச் சாத்துன சேலையை ஏலம் விடறாங்கல்ல, பூசை பண்ணுன எலுமிச்சம்பழத்தை ஏலம் விடறாங்கல்ல, அதே மாதிரி ஒவ்வொரு கிளாஸ் பிள்ளைகளும் கூடி ஒரு படம் செய்யணும், அதைப் பெத்தவங்களே போட்டி போட்டு எடுக்கணும், வர்ற காசுல தாளாளரு நீச்சல்குளம் கட்டுவாரு. பெத்த பிள்ளை கையால செஞ்சதை அப்பன் ஆத்தாளுக்கே விக்கற யோசனை தாளாளர் கனகசபாபதியைத் தவிர வேற யாருக்கு வரும்? ஏலம் கூப்பிடறதுக்குக்கூட மாரியம்மன் கோயில்ல கூப்பிடற பெரியசாமி அண்ணனையே கூட்டிட்டு வந்து, வேட்டிக்கு மேல ஒரு கோட்டை மாட்டி விட்டு, மேடையில ஏத்திருவாரு.

இந்த வருசம் சசி கிளாஸ்ல மயிலு. டிராயிங் மாஸ்டர் ஜோயல் ஒரு கதவு அகலத்துக்குத் துணியை இழுத்துக் கட்டி, மயிலுக்கு உடம்பையும் கழுத்தையும் வரைஞ்சு வெச்சுட்டு, பிள்ளைகளை வரிசையில நிக்க வெச்சு, பச்சையில கையை முக்கு, தோகையில வை, நீலத்துல முக்கு, வை, மஞ்சள்ல முக்கு, வைன்னு ஒவ்வொரு கையையும் ஒரு இறகா ஆக்கிட்டாரு. கடைசியா மயிலுக்குக் கொண்டை வேணும். இருக்கறதுலயே சின்னக் கை யாருது, எல்லாரும் விரிச்சுக் காட்டுங்கன்னாராம். எங்க சசி கைதான் சின்னது. நீலத்துல முக்கி, மயில் தலைக்கு மேல, அஞ்சு விரலும் அஞ்சு கொண்டைப் பூவா, அழகா வெச்சுட்டு வந்துட்டா.

அன்னிக்குச் சாயங்காலம் அவ வீட்டுக்கு நடந்து வரல, ஆடிக்கிட்டே வந்தா. "அம்மா, மயிலுக்குத் தலையே என் கைதாம்மா"ன்னு பாத்தவங்க கிட்ட எல்லாம் சொன்னா. மளிகைக் கடைக்காரரு கிட்டச் சொன்னா, தண்ணி லாரிக்காரரு கிட்டச் சொன்னா, நகத்துக்கடியில இருந்த நீலம் போயிரும்னு கையைக் கழுவ மாட்டேன்னு அடம் புடிச்சா. நானும் போடி கழுதைன்னு திட்டிக்கிட்டே ஊட்டி விட்டேன். எனக்கும் உள்ளுக்குள்ள பெருமைதான், எதுக்குப் பொய் சொல்லணும்.

ஏலத்துக்கு முன்னால வர்ற சனிக்கிழமை, பெத்தவங்க எல்லாம் வந்து படங்களைப் பாத்து வெச்சுக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. கம்பெனியில பர்மிசன் கேட்டு, கல்யாணத்துக்குக் கட்டற சேலையைக் கட்டிக்கிட்டு, சசியையும் கூட்டிட்டு நானும் போனேன். அங்கதான் கோகிலவாணி மேடம் வந்தாங்க. நான் அப்ப வேலை செஞ்ச கம்பெனிக்கு முதலாளி சம்சாரம், அவங்க பொண்ணு ஆதிராவும் சசியும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்சு. மேடத்துக்கு மயிலு நெம்பப் புடிச்சுப் போயிருச்சு. பூஜை ரூமுக்கு நேர் எதிர்ச் சுவத்துல மாட்டுனா விளக்கு வெளிச்சம் பட்டுத் தகதகன்னு இருக்கும்னு தாளாளரு கிட்டச் சொல்லிக்கிட்டே, பொண்ணு கன்னத்தைத் தட்டி, "தலையில இருக்கற கை உன்னுதா கண்ணு?"ன்னு கேட்டாங்க.

"இல்லம்மா, அது சசி கை. என்னுது தோகையில, மேல இருந்து மூணாவது."

"சசின்னா யாரு?"

"நம்ம கம்பெனியில பாத்ரூம் கழுவற ஆன்ட்டி இருக்காங்கல்ல, அவங்க பாப்பாம்மா. அதா, அங்க நிக்கறாங்க பாரு"ன்னு அந்தப் பிள்ளை என்னைப் பாத்துக் கையாட்டுச்சு. பச்சைப் பிள்ளை, அதுக்கென்ன தெரியும், நானும் சிரிச்சுக்கிட்டே கையாட்டுனேன்.

மேடம் என்னைப் பாத்தாங்க. அப்புறம் மயிலைப் பாத்தாங்க. அப்புறம் தாளாளரு பக்கம் திரும்பி, மெதுவாப் பேசறதா நெனச்சுக்கிட்டு, ஹால்ல பாதிப் பேருக்குக் கேக்கற மாதிரி, "பூஜை ரூமுக்கு எதுக்கால மாட்டறது சார், முருகனோட மயிலு. அந்தக் கையை மட்டும் எடுத்துடுங்க"ன்னாங்க.

"அதுக்கென்னங்க மேடம், மாஸ்டரு ஒரு நிமிசத்துல கொண்டை வரைஞ்சிருவாரு."

நான் முன்னால போனேன். "ஏனுங்க சார், எங்க பிள்ளை கை என்னங்க பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலம்மா. சரியா விழல, கொஞ்சம் கலங்கலா இருக்குது, படத்துக்கு ஒரு அழகு வேணும்ல."

"ரெண்டு வாரமா அழகா இருந்த கைங்க சார் அது. என் மூஞ்சியைப் பாத்ததும் கலங்கிருச்சுங்களா?"

தாளாளரு அந்தப் பக்கம் திரும்பி மாஸ்டரைக் கூப்பிட்டாரு, மாஸ்டரு பிரஷ்ஷை எடுத்தாரு, பிள்ளைக எல்லாம் பாத்துக்கிட்டே நிக்க, எங்க சசி என் முந்தானையைப் புடிச்சுக்கிட்டே நிக்க, வானத்து நீலத்தை அள்ளி அப்பி அவ கையை மூடிட்டு, அதுக்கு மேல மூணு கோடு இழுத்து, கோட்டு நுனியில மூணு பொட்டு வெச்சாரு. அந்த மாஸ்டரு அப்புறம் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அழுதாருன்னு சொல்றாங்க. அழட்டும். அழிச்சதுக்கப்புறம் அழுதா எனக்கென்ன?

சசி அழல. வலது கையை மடக்கி முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டா, அவ்வளவுதான். வழியெல்லாம் மடக்கியே வெச்சிருந்தா, வீட்டுக்கு வந்தும் திறக்கல, குளிக்க வெச்சப்பத் திறக்கல, தூங்கறப்பத் திறக்கல. சாமி, கண்ணு, தங்கம்னு நான் கெஞ்சிப் பாத்தேன். அவங்கப்பா ஒவ்வொரு விரலாப் புடிச்சு நீவிப் பாத்தாரு, மூடுன கையைத் தொட்டா இப்ப அவிச்ச முட்டையாட்டம் சுடுதுன்னு கையை இழுத்துக்கிட்டாரு. பென்சில் புடிக்கல, சோத்தைத் தொடல, இடது கையால கரண்டியைப் புடிச்சுப் பாதி சிந்திப் பாதி தின்னா. ஜிஎச்சுக்குக் கூட்டிட்டுப் போனா எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, எலும்பு நல்லா இருக்குதும்மா, பிள்ளைதான் திறக்க மாட்டேங்குதுன்னுட்டாங்க. அது எனக்குத் தெரியாதா? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்னு இருந்துச்சு. நீச்சல்குளம் கட்டட்டும், மாளிகை கட்டட்டும், என் பிள்ளை கை விரிஞ்சாப் போதும்.

இதுக்கு நடுவுலதான் அந்தத் திங்கக்கிழமை வந்துச்சு. வாட்ச்மேன் ஹாலைத் திறந்து பாத்தா மயிலு நிக்குது, தோகையில ஒரு விரலைக் காணோம். அத்தனையும் முஷ்டி. பச்சை முஷ்டி, நீல முஷ்டி, மஞ்சள் முஷ்டி. பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகல, அதுக பாட்டுக்கு ஓடிப் புடிச்சு விளையாடிக்கிட்டு இருந்துச்சுக. துணியில வெச்ச கைகதான் ஒண்ணு பாக்கியில்லாம மடங்கிக் கெடந்துச்சு.

அதுக்கு இவங்க என்ன பண்ணுனாங்க தெரியுங்களா? பழகிக்கிட்டாங்க. சயின்ஸ் மிஸ் வந்து பெயிண்டுல தண்ணி கூடிப்போச்சுன்னாங்க, வாட்சப் குரூப்புல ஒரு அப்பன் போட்டோ போட்டுச் சூப்பர்னு எழுதுனான், இன்னொருத்தன் முருகன் வேலைப் புடிக்கற மாதிரி இருக்குதுன்னு கும்புடு போட்டான், அதைப் பாத்து நாலு அம்மாக்க எலுமிச்சம்பழமும் விபூதியுமா வந்து படத்துக்கு முன்னால வெச்சுட்டுப் போனாங்க, மூணாங்கிளாஸ்காரங்க எங்க படத்துல மட்டும் எதுக்குங்க முஷ்டி இல்லன்னு சண்டைக்கு வந்தாங்க, தாளாளரு ஒரே நாள்ல தெர்மோகோல்ல எழுத்து வெட்டி, சரிகைப் பொடி தூவி, படத்துக்கு மேல ‘உறுதியின் கரங்கள்’னு ஒட்டிட்டாரு. அடேயப்பா! அதிசயத்தை அப்படியே முழுசா முழுங்கிட்டாங்க, தொண்டையில ஒரு சின்ன முள்ளுகூடச் சிக்கல. அந்தக் கொண்டையைக் கொஞ்சம் சுரண்டித்தான் பாப்போமேன்னு சொல்ல மட்டும் ஒரு வாய் வரல.

ஏலத்தன்னிக்கு நான் போகல. என் காதுல விழுந்துச்சு, மைக்கு செட்டு எங்க வீதி வரைக்கும் கேக்கும். ஒரு தரம்னு பெரியசாமி அண்ணன் கூப்பிட்டாரு, கைதட்டுனாங்க. ரெண்டு தரம்னாரு, இன்னும் மேல யாரோ கேட்டாங்க, மறுபடியும் ஒரு தரம், மறுபடியும் ரெண்டு தரம், இப்படி ஏறிக்கிட்டே போய் மூணு தரம்னு முடிஞ்சப்ப வெடி வெச்சாங்க. சசி கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக்கிட்டா.

மயிலு கோகிலவாணி மேடம் வீட்டுக்குப் போச்சு. அங்க நடந்ததெல்லாம் அந்த வீட்டுல சமையல் பண்ற ஈசுவரி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பூஜை ரூமுக்கு எதுக்கால மாட்டுன அன்னிக்கே முஷ்டியெல்லாம் தட்ட ஆரம்பிச்சிருச்சாம். டொக் டொக்னு, மூடுன கதவைத் தட்டற மாதிரி. முதல்ல ஒவ்வொரு தட்டலுக்கும் ஈசுவரி அக்கா ஓடிப் போய் வாசக்கதவைத் திறந்து பாத்துச்சு. அப்புறம் வாசக்கதவைத் திறந்தே வெச்சுட்டாங்க. அப்புறம் டிவி சத்தத்தைக் கூட்டுனாங்க, சாப்பிடறப்பத் தட்டுனா தாளத்துக்கு மென்னாங்க, ஒரு பூசாரி வந்து தேங்காய் ஒடச்சாரு, முதலாளி ஆளைக் கூட்டிட்டு வந்து சுவத்துக்குப் பின்னால பஞ்சு அடச்சாரு, துணி வாங்க வந்த வெள்ளைக்காரங்க ரெண்டு பேரு அதுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு, இந்த மாதிரி இன்னும் கிடைக்குமான்னு கேட்டாங்களாம். கிடைக்குமாவா! மேடத்துக்குத் தலைவலி மாத்திரை, முதலாளிக்குக் காதுல பஞ்சு, மத்தபடி எல்லாம் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

ஆதிராதான் கெடுத்துச்சு. ஒரு நாள் படத்துக்கு முன்னால போய் நின்னு, மூணாவது முஷ்டியைப் பாத்து, "என்ன வேணும்?"னு கேட்டிருக்குது. அப்புறம் அம்மா கிட்ட ஓடிப் போய், "சசி எங்கன்னு கேக்குதும்மா"ன்னு சொல்லிருச்சு. அதுல இருந்து அந்தப் பிள்ளை சாப்பாட்டை எடுத்தா அதையே கேக்குதாம், ஸ்கூலுக்குக் கெளம்புனா அதையே கேக்குதாம். பெத்த பிள்ளை வாயை எந்தப் பஞ்சை வெச்சு அடப்பாங்க?

கம்பெனி சூப்பர்வைசர் என்கிட்ட வந்தாரு. "ஞாயித்துக்கிழமை பிள்ளையைக் கூட்டிட்டு மேடம் வீட்டுக்கு வா நாகமணி. பின்பக்கக் கேட்டு வழியா வா. கையை வெச்சுட்டுப் போயிரட்டும். போட்டோ கீட்டோ எடுக்க வேண்டாம், யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்."

கூட்டிட்டுப் போனேன். ஏண்டி போனேன்னு எங்க வீதியில கேக்காத ஆளில்ல. பிள்ளை கை விரியாம நான் பட்ட வெசனம் எனக்குத்தான் தெரியும். ஒருவேளை அங்க வெச்சா விரியுமோன்னு போனேன். பின்பக்கக் கேட்டு வழியாப் போனேன், செருப்பைக் கழட்டிட்டுப் போனேன். ஹால்ல நாங்க நிக்கறதுக்குன்னு தரையில நியூஸ் பேப்பரை விரிச்சு வெச்சிருந்தாங்க, பக்கத்துல ஒரு தட்டுல நீலப் பெயிண்டு. தாளாளரும் வந்திருந்தாரு. நாங்க உள்ள போனதும் தட்டற சத்தம் நின்னு போச்சு.

"வா அம்மிணி, சமத்துப் பிள்ளை, இதுல கையை முக்கித் தலையில வைப்பியாம்"னு மேடம் கொஞ்சுனாங்க. பெரிய சாக்லேட் ஒண்ணு எடுத்து நீட்டுனாங்க.

சசி சாக்லேட்டைப் பாக்கல. மயிலைத்தான் பாத்தா. நெம்ப நேரம் பாத்துட்டு, "வெச்சா மறுபடியும் அழிப்பீங்களா?"ன்னு கேட்டா.

தாளாளருதான் சிரிச்சுக்கிட்டே, "எதுக்கு அழிக்கப் போறோம்? நீ வெச்சுட்டுப் போனதும் அதுக்கு மேல இதே கொண்டையை மெலிசா வரைஞ்சிருவோம். உன் கை அடியில பத்திரமா இருக்கும், வெளியில யாருக்கும் தெரியாது, மயிலுக்குத் தெரியும்ல, அது போதும்ல?"ன்னாரு.

அட கருமமே! இவங்க யோசனையைப் பாருங்க. கை வேணுமாம், ஆனாக் கை இருக்கறது கண்ணுக்குத் தெரியக்கூடாதாம். கக்கூஸ் பளபளன்னு இருக்கணும், கழுவுனவ மூஞ்சி தெரியக்கூடாது, அந்த மாதிரி. அத்தனை நாளு அடக்கி வெச்சிருந்ததெல்லாம் எனக்கு அப்பத்தான் கொந்தளிச்சு வந்துச்சு. "சார், உங்க மூஞ்சி மேல மெலிசா ஒரு மூஞ்சி வரைஞ்சு விட்டா நீங்க அடியில பத்திரமா இருப்பீங்களா?"ன்னு கேட்டேன். மேடம் என்னமோ சொல்ல வந்தாங்க, நான் நிக்கல. பிள்ளை இடது கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு, அந்த வீட்டு முன்வாசல் வழியா, அவங்க திறந்தே வெச்சிருந்த வாசக்கதவு வழியா, வெளிய வந்தேன். செருப்பு பின்பக்கத்துலயே கெடந்துச்சு. கெடக்கட்டும்.

எங்களுது லைன் வீடு, பொங்கலுக்கு வெள்ளையடிச்ச சுவரு அப்படியே இருந்துச்சு. சாயங்கால வெயிலு நேரா அதும்மேல அடிச்சுது. சசி சுவத்துக்கு முன்னால நின்னா.

"அம்மா, இங்க வெச்சா யாரு அழிப்பாங்க?"

"எவ வருவா? வரட்டும், நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்."

அவ முதுகுக்குப் பின்னால இருந்து கையை எடுத்தா. சுண்டு விரல் முதல்ல விரிஞ்சுது, அப்புறம் மோதிர விரல், அப்புறம் நடு விரல், இப்படி ஒண்ணொண்ணா விரிஞ்சு, உள்ள பாத்தா உள்ளங்கை நிறைய நீலம், அப்பத்தான் முக்கி எடுத்த மாதிரி ஈரம் சொட்டுது. எட்டி, எக்கி, கைக்கு எட்டுன உசரத்துல சுவத்துல வெச்சு அழுத்துனா. அஞ்சு விரலும் அழகா விழுந்துச்சு. ஒரு கலங்கலும் இல்ல. அப்புறம் உள்ள வந்து தட்டை முன்னால இழுத்து வெச்சுத் தக்காளிச் சோத்தைப் பெசஞ்சு, வலது கையால, மூணு தடவை வாங்கித் தின்னா. நான் அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து சத்தம் போட்டு அழுதேன்.

விடிஞ்சு கதவைத் திறந்தா, எங்க சுவத்துல மயிலு. சசி கைக்குக் கீழ கழுத்தில்ல, உடம்பில்ல, தோகை மட்டும் விரிஞ்சு, ரங்கனோட சைக்கிள் வரைக்கும், பக்கத்து வீட்டு ஜன்னல் வரைக்கும். பச்சைக் கை, நீலக் கை, மஞ்சள் கை, ஒவ்வொண்ணும் அஞ்சு விரலும் விரிஞ்ச கை. மேடம் வீட்டுத் துணியில ஒரு மொட்டை உடம்பும், அது தலையில மாஸ்டரு வரைஞ்ச மூணு கோடும்தான் மிச்சமாம், ஈசுவரி அக்கா போன்ல சொல்லுச்சு. வீடு அமைதியா இருக்குதாம், அந்த அமைதிதான் தாங்க முடியலையாம்.

யாரோ போட்டோ எடுத்து வாட்சப்புல போட்டு, ஒம்பது மணிக்கெல்லாம் எங்க வீதியில காரு நிக்க இடமில்ல. எங்க வீதிப் பேரைக் கேட்டுட்டுத் தள்ளி நின்னவங்க அத்தனை பேரும் சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்தாங்க. எங்க பிள்ளை கை எதுன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டாங்க, பெத்தவங்களுக்கே தெரியல. பிள்ளைகளுக்குத் தெரிஞ்சுது, ஓடி வந்து அதுக அதுக கையை அதுக அதுக இடத்துல வெச்சுப் பாத்துச் சிரிச்சுதுக, ஆதிரா மேல இருந்து மூணாவதுல வெச்சுட்டு சசியைக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. தாளாளரு சுவத்தைத் தட்டிப் பாத்தாரு. செங்கலோட பேத்து எடுத்துக்கறோம், புதுச் சுவரு கட்டித் தர்றோம், மறுபடியும் ஒரு ஏலம் போட்டா நீச்சல்குளத்துக்கு டைல்ஸ் ஒட்டிரலாம்னாரு. கூட வந்த பெரியசாமி அண்ணன் பழக்கதோசத்துல "ஒரு தரம்"னு ஆரம்பிச்சு, என் மூஞ்சியைப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டாரு.

கோகிலவாணி மேடம் கூட்டத்தை விலக்கிட்டு முன்னால வந்தாங்க. எங்க சசி கை மேல, அந்தச் சின்னக் கொண்டை மேல, வளையல் போட்ட கையை எடுத்து வெச்சாங்க. என்ன நெனச்சு வெச்சாங்களோ எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம்.

"மேடம்"னேன். வீதியே திரும்பிப் பாத்துச்சு. "அந்தக் கையை மட்டும் எடுத்துடுங்க."

எடுத்தாங்க. சசி கையில ஒரு இம்மி கொறையல, அப்படியேதான் இருக்குது, இப்பவும் வந்து பாக்கலாம். மேடம் உள்ளங்கையிலதான் நீலம் ஒட்டிக்கிச்சு. சோப்புப் போட்டும் போகல, மண்ணெண்ணெய் போட்டும் போகல, யாருக்கும் கையை நீட்டாம மடக்கியே வெச்சிருக்காங்கன்னு ஈசுவரி அக்கா சொல்லுச்சு. அதுக்கு நான் என்னங்க பண்ணறது? கழுவி விடறதுக்கு நான் இப்ப அங்க வேலையில இல்ல.